முதல் இடுப்பு

மழை மட்டும் கொஞ்சம் பொறுத்து வந்திருந்தால் கசில்தா இந்த வம்பில் மாட்டியிருக்க மாட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது.

அன்று காலை தம்பி பெண்டாட்டி நெலி, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை வாளியில் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனாள். மில்லில் பெல்ட் அறுந்துவிட்டது. ஊர்ப் பெண்களுக்கு அது கொண்டாட்டம். வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து, வராதவர்களின் கதைகளை அரைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நெலி திரும்ப நேரமாயிற்று. குழந்தை அரேலி அத்தையின் பொறுப்பில் இருந்தாள்.

ஒரே வளாகத்துக்குள் தம்பிக்கு ஒரு வீடு, அக்காவுக்கு ஒரு வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு புளிப்பு ஆரஞ்சு மரம், துணிக் கொடி, யாருக்கும் அடங்காத வான்கோழிகள். கசில்தா குழந்தையை இடது கையில் படுக்கவைத்தபடி, வலது கையால் சுரைக்குடுக்கையிலிருந்து வான்கோழிகளுக்குச் சோளம் இறைத்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்ஸ்மேக் சடங்கு ஆகாத குழந்தையை இந்த ஊரில் படுக்கவைத்துத்தான் தூக்குவார்கள். பெண்ணாக இருந்தால் மூன்றாம் மாதம் வரை, அடுப்புக்கு மூன்று கல் என்பதால். ஆணாக இருந்தால் நான்காம் மாதம் வரை, சோளக்காட்டுக்கு நான்கு மூலை என்பதால். அதற்கப்புறம் ஒரு நல்ல நாளில் ஞானத்தாய் வந்து, குழந்தையின் கால்களை விரித்து, முதல் தடவையாகத் தன் இடுப்பில் உட்காரவைப்பாள். யார் இடுப்பில் முதலில் உட்காருகிறதோ அவளுடைய குணமும் கைராசியும் தலையெழுத்தும் குழந்தைக்கு ஒட்டும். அப்போது அதன் கையில் கொடுப்பதுதான் நாளைக்கு அதன் பிழைப்பு. அரேலிக்கு அந்த நாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. கொடியில் அரேலியின் சடங்கு உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. நெலி கண்ணைக் கெடுத்துக்கொண்டு கழுத்தைச் சுற்றிப் பூ தைத்த வெள்ளை அங்கி. கசில்தா ஓடினாள். ஒரு கையால் கிளிப்பும் எடுக்க முடியவில்லை, துணியும் இழுக்க முடியவில்லை. கையில் கிடந்த குழந்தையைச் சட்டென்று நிமிர்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அங்கியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு ஆரஞ்சு மரத்தடிக்கு வந்துவிட்டாள்.

இத்தோடு நின்றிருந்தால் மழையின் மேல் பழி போடலாம். ஆனால் மரத்தடிக்கு வந்த பிறகும் அவள் குழந்தையை இறக்கவில்லை. அந்தக் குட்டிக் கால்கள் அவளுடைய இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்துக்கொண்டன. ஈரத் தலை மார்பில் சாய்ந்தது. படுத்தே வானத்தைப் பார்த்துப் பழகிய கண்கள் நிமிர்ந்து வான்கோழிகளைப் பார்த்தன, கொடியைப் பார்த்தன, அத்தையின் முகத்தைப் பார்த்தன. கசில்தா மெதுவாக ஆட ஆரம்பித்தாள். இடுப்பில் பிள்ளை இருக்கும் பெண்கள் எல்லாரும் ஆடும் ஆட்டம் அது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்கு வந்தது.

குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. துணி எடுக்கும்போது அக்குளில் இடுக்கி, மறுபடி வலது கைக்கு வந்திருந்த சுரைக்குடுக்கையின் விளிம்பை அரேலி இரண்டு கையாலும் பற்றியிருந்தாள். குடுக்கையில் ஒரு மணி சோளம்கூட இல்லை. காலியான குடுக்கை.

கசில்தா குடுக்கையைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டு அழுதது. வீட்டுக்குள் ஓடி அதை வலைத்தூளியில் படுக்கவைத்து, நெலி வரும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நெலி வந்து, அங்கியை நனையாமல் காப்பாற்றியதற்காக நன்றி சொன்னாள். கசில்தா அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டாள்.

காலிக் குடுக்கை என்றால் வேறு பெண்ணுக்கு ஒன்றுமில்லை, பாத்திரம் கழுவுகிறவள் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். கசில்தாவுக்கு அப்படியில்லை. அவள் வயிற்றில் வந்தவை எதுவும் தங்கவில்லை. கடற்கரை நகரமான கான்குனில் ஓட்டல் தோட்ட வேலைக்குப் போன புருஷன் ருஃபீனோ முதலில் சம்பளத்துக்குச் சம்பளம் வந்தான், அப்புறம் திருவிழாவுக்கு வந்தான், அப்புறம் அவனுக்கு அங்கே ஒரு பையன் பிறந்திருக்கிறான் என்ற செய்தி மட்டும் வந்தது. குறை யாரிடம் என்ற வழக்கு அன்றோடு மில் வாசலில் முடிந்துபோயிற்று. தீர்ப்பு அவளுக்கு எதிராக.

இந்தச் சடங்குக்கு ஞானத்தாயாக அவளைக் கேட்கவில்லை. தம்பி நசாரியோ ஒரு சனிக்கிழமை வெளியூர்க் கட்டட வேலையிலிருந்து வந்த கையோடு அவள் வீட்டுக்கு வந்து, தொப்பியை முழங்காலில் வைத்துச் சுழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். பள்ளிக்கூடத்து மிரெயா டீச்சரைக் கேட்டிருக்கிறார்களாம். பிள்ளை படிக்க வேண்டும், தன்னைப் போல சிமெண்ட் மூட்டை சுமக்கக் கூடாது, அக்கா தப்பாக நினைக்கக் கூடாது. கசில்தா தப்பாக நினைக்கவில்லை என்று சொன்னாள். டீச்சரைவிட நல்ல ஆள் கிடைக்குமா என்றாள். பூசணி விதையை நானே வறுத்துத் தருகிறேன் என்றும் சொன்னாள். தம்பி முகத்திலிருந்த பாரம் இறங்கியது. அவன் சொல்லாமல் விட்ட காரணம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது, அதற்கு மட்டும் யாரும் காப்பி கொடுக்கவில்லை.

இப்போது நினைத்துப் பார்த்தால் அவளுக்கே சந்தேகம் வந்தது. வீட்டு வாசல் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வந்து துணியை எடுத்திருக்கலாம். அங்கி நனைந்தால்தான் என்ன, இன்னொரு தடவை காயும். மழையும் துணியும் ஒரு சாக்கு. டீச்சருக்குக் கொடுத்ததைத் திருடி எடுத்துக்கொண்டோம் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. திருடியதோடு விடாமல், ஒரு பெண் குழந்தையின் கையில் தன்னுடைய வெறுமையையும் திணித்தாயிற்று.

அன்று முதல் பார்த்ததெல்லாம் அவளுக்குச் சாட்சியாகத் தெரிந்தது. அரேலி படுக்கவைத்தால் காலை உதைத்து எழப் பார்த்தாள். இவளுக்குத் திடீரென்று என்ன வந்தது, படுக்கவே மாட்டேன் என்கிறாள் என்று நெலி அலுத்துக்கொண்டபோது கசில்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாலையில் குழந்தை அழுதால் குடுக்கையைத்தான் கேட்கிறது என்று தோன்றியது. அந்தக் குடுக்கையைக் கூரை இடுக்கில் சொருகி மறைத்தாள். அதுவும் திருடன் செய்கிற வேலைதான்.

பொறுக்க முடியாமல் உர்சுலாவிடம் போனாள். சாவுக்கும் சடங்குக்கும் ஊரில் செபம் சொல்கிறவள் உர்சுலா. கடவுளுக்குத் தெரியாததும் அவளுக்குத் தெரியும் என்று நினைப்பு, அதில் பாதி உண்மையும்கூட. கசில்தா சுற்றி வளைத்தாள். பக்கத்து ஊரில் யாரோ ஒருத்தி, வேற்று வீட்டுக் குழந்தை, சடங்குக்கு முன்னாலேயே தெரியாத்தனமாக இடுப்பில் வைத்துவிட்டாளாம். அப்புறம் ஞானத்தாய் வந்து முறைப்படி வைத்தால் சரியாகிவிடுமா?

உர்சுலா ரொட்டிக்கல்லில் ஒட்டியதைச் சுரண்டிக்கொண்டே யோசித்தாள்.

"முதல் இடுப்புதான்டி இடுப்பு. அதுக்கப்புறம் பிஷப்பே வந்து தூக்கினாலும் அது சும்மா தூக்கறதுதான்."

மாற்று எதுவும் இல்லையா என்று கசில்தா கேட்டாள்.

"எதுக்கு மாத்து? அவ நல்ல பொம்பளையா இருந்தா பிள்ளையும் நல்லா இருந்துட்டுப் போகுது. என்ன, குடிக்கிறவளா?"

"இல்ல. பிள்ளை இல்லாதவ."

உர்சுலா சுரண்டுவதை நிறுத்தினாள். கசில்தாவின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் மறுபடி கல்லைப் பார்த்தாள். அந்தப் பக்கத்து ஊர் எது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. "பெத்தவகிட்ட முன்கூட்டியே சொல்லிடச் சொல்லு" என்றாள். "தெரிஞ்சு செஞ்சாளோ தெரியாம செஞ்சாளோ, சடங்கு அன்னைக்கு எல்லாரையும் முட்டாளாக்கக் கூடாது பாரு."

சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு நாள் காலையும் கசில்தா அந்த முடிவோடுதான் எழுந்தாள். நெலி தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போவாள். நெலி, அக்கா இந்த வான்கோழி போதுமா, இன்னொன்றும் அடிக்கவா என்று கேட்பாள். போதும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவாள். சனிக்கிழமை நசாரியோ தலைமுடியில் சிமெண்ட் தூசியோடு வந்து இறங்கினான். குளிக்கக்கூட நிற்காமல் மகளைப் பார்க்க ஓடினான். அவன் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு நாக்கு எழவில்லை. விதை வறுக்கும்போது கவனம் பிசகிக் கருக்கிவிட்டாள். கருகியதை வான்கோழிக்குப் போட்டுவிட்டு மறுபடி வறுத்தாள். கைராசியில்லாதவள் கை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மிரெயா டீச்சர் புருஷனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தாள். மடியில் ஒரு பை. பைக்குள் படப்புத்தகம், பென்சில், ஊசி நூல், கத்தரிக்கோல். நல்ல பெண். கர்வம் இல்லாதவள். கசில்தாவின் கையைப் பிடித்து, அத்தை நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், எனக்கு இதெல்லாம் தப்பில்லாமல் செய்ய வராது என்று கிசுகிசுத்தாள். கசில்தாவுக்கு அந்தக் கையை உதற வேண்டும் போலிருந்தது. டீச்சர் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து எல்லாம் வைத்தாயிற்று. அவித்த முட்டை வைத்திருந்தார்கள், ஏனென்றால் இந்த ஊர்ப் பேச்சில் முட்டைக்கும் திறப்பதற்கும் ஒரே சொல், முட்டை தின்றால் குழந்தையின் புத்தி திறக்கும். வறுத்த சோளமாவு, அதன் பெயரும் ஞாபகம் என்ற சொல்லும் இங்கே ஒன்றுபோல ஒலிக்கும், தின்றால் ஞாபகசக்தி வரும். பூசணி விதை, வாணலியில் அது வெடிப்பது போலப் பேச்சு வெடித்து வர. உர்சுலா மெழுகுவர்த்தி ஏற்றினாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, ஆரம்பிக்கலாமா, யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியது இல்லையே என்றாள். அப்படி ஒரு கேள்வி எந்தச் சடங்கிலும் கிடையாது. அவள் கண் கசில்தாவின் மேல் இருந்தது.

கசில்தா வாயைத் திறந்தாள். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"உப்பு. முட்டைக்கு உப்பு வைக்கல" என்றாள்.

அவளே போய் உப்பு எடுத்து வந்தாள்.

டீச்சர் அரேலியை வாங்கினாள். முதல் தடவை இடுப்பில் வைக்கும்போது குழந்தைகள் விறைத்துக்கொள்ளும், காலைச் சேர்த்துக்கொண்டு கத்தும், சில பிள்ளைகள் ஞானத்தாயின் உடுப்பை நனைக்கவும் செய்யும். அதற்காகவே காத்திருந்து சிரிப்பது ஊர் வழக்கம். அரேலி கத்தவில்லை. கால்களைத் தானாகவே விரித்து, இடுப்பைப் பிடித்து, தலையைத் தோளில் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் அசந்துபோயிற்று. டீச்சரோட ராசி, பொறக்கும்போதே பள்ளிக்கூடம் போக ரெடியாத்தான் பொறந்திருக்கா என்றார்கள். நசாரியோ வாயெல்லாம் பல்லாக நின்றான். டீச்சர் வெட்கத்தோடு மேசையைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் குழந்தையின் கையில் ஒரு பொருளைக் கொடுத்து, இது படிக்க, இது எழுத, இது தைக்க என்று சொன்னாள். குழந்தை பென்சிலைக் கீழே போட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கசில்தாவைத் தவிர.

பிறகு சாப்பாடு. கருக்கிய மிளகாயில் கொதித்த வான்கோழிக் குழம்பை எல்லாரும் ரொட்டியில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார்கள். கசில்தா பரிமாறிக்கொண்டே இருந்தாள், உட்காரவில்லை. எல்லாரையும் முட்டாளாக்கியாயிற்று. டீச்சர் சுமந்தது வெறும் சுமை. புத்தகமும் பென்சிலும் சும்மா. அந்தப் பிள்ளை பெரியவளாகி, கல்யாணமாகி, மாதாமாதம் அழும்போது காரணம் தெரிந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தபடி அடுத்த தட்டில் குழம்பை ஊற்றினாள்.

விருந்தாளிகள் போன பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில், நெலியும் அவளும் வீட்டுக்குப் பின்னால் அண்டாவைத் தேய்த்தார்கள். நெலி குழந்தையைச் சர்வசாதாரணமாக இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். கசில்தாவால் அதற்கு மேல் முடியவில்லை. அண்டாவுக்குள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"நெலி, இவளை முதல்ல இடுப்புல வச்சது டீச்சர் இல்ல. நான்."

நெலி ஊற்றுவதை நிறுத்தினாள்.

"நீ மில்லுக்குப் போன அன்னைக்கு. மழை வந்துச்சு. மழை வந்துச்சுன்னு சொல்றது சும்மா, மரத்தடிக்கு வந்தும் வச்சிருந்தேன். கையில காலிக் குடுக்கை இருந்துச்சு, அதையும் இவ பிடிச்சுட்டா. உன் பிள்ளைக்கு நான் என்னத்தக் கொடுத்துட்டேன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். முன்னாடியே சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் வரல."

நெலி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் கசில்தா நினைத்தாள், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள். பார்த்தால் நெலியின் தோள் குலுங்கியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை முந்தானையில் பொத்துவது போலக் குழந்தையின் அங்கியில் பொத்திக்கொண்டு, நசாரியோ வருகிறானா என்று எட்டிப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா. நான் ரெண்டாம் மாசமே வச்சாச்சு."

கசில்தா நிமிர்ந்தாள்.

"பின்ன என்ன? பானை பொங்குது, நாய் ரொட்டியத் தூக்கிட்டு ஓடுது, இவ கத்துறா. எனக்கென்ன நாலு கையா? ஒரு நாள் இல்ல, தினமும்தான். வீட்டுக்குள்ள யாரு பாக்கப் போறா? எங்கம்மாவும் அப்படித்தான் எங்களை வச்சாங்க. இந்த ஊர்ல எந்தப் பொம்பளைய வேணாக் கேளுங்க, சத்தியம் பண்ணுவா இல்லவே இல்லன்னு. சடங்கு சடங்குக்கு, இடுப்பு வேலைக்கு."

நீ வைத்தபோது குழந்தை கையில் எதைப் பிடித்தது என்று கேட்டாள் கசில்தா.

"என் மயிரைத்தான். கொத்தாப் பிடிச்சு இழுத்தா." நெலி மறுபடி சிரித்தாள். அப்புறம் நாத்தனாரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஈரக் கையால் அவள் கையைத் தொட்டாள். நெலிக்கு மனசு நிறைய அன்புதான் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. "இத்தனை நாளும் இதைப் போட்டா மனசைக் குழப்பிக்கிட்டு இருந்தீங்க? உங்ககிட்டேருந்து அவளுக்கு ஒண்ணும் ஒட்டலக்கா. நிம்மதியா இருங்க."

ஒன்றும் ஒட்டவில்லை. கசில்தா தலையாட்டினாள். நெஞ்சிலிருந்து கல் இறங்க வேண்டிய நேரம் இது, இறங்கவும் செய்தது. இறங்கிய இடத்தில் அவள் ஒரு வாரமாகப் பார்க்காமல் ஒதுக்கிவைத்திருந்த ஒன்று அப்படியே கிடந்தது. பயந்தது உண்மை. தன்னைத் திட்டிக்கொண்டதும் உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில், என் ராசிதான் இவளுக்கு, இவள் என்னைப் போலத்தான் வருவாள், யார் மாற்றினாலும் மாறாது என்று ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறது. பூசணி விதையைக் கருக்கும்போதும் இருந்தது, உப்பு எடுக்கப் போனபோதும் இருந்தது. பிள்ளைக்குத் தன் வெறுமையே ஒட்டினாலும் சரி, ஏதோ ஒன்று ஒட்டட்டும் என்று அவள் விரும்பியிருக்கிறாள். இடுப்பில் வைத்தது ஒரு தப்பே இல்லை என்று ஆகிவிட்டது. இந்த ஆசை தப்புதான். இதை நெலியிடம் சொல்ல முடியாது, உர்சுலாவிடம் பக்கத்து ஊர்க்காரி என்று சொல்லியும் கேட்க முடியாது.

நெலி அண்டாவைக் கவிழ்க்க வேண்டும் என்று குழந்தையை நீட்டினாள். "இந்தாங்க, பிடிங்க. இனிமே யாரு வேணா வச்சுக்கலாம்."

கசில்தா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கி, இடுப்பில் வைத்தாள். அரேலி காலை விரித்து, தலையைச் சாய்த்து, சமர்த்தாக உட்கார்ந்தாள். காலையில் டீச்சரிடமும் இப்படித்தான் உட்கார்ந்தாள்.

நெலி அண்டாவைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி, அவள் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்தாள்.

"இன்னும் ஏதாச்சும் இருக்காக்கா?"

"இல்ல" என்றாள் கசில்தா. "அவ்வளவுதான்."